விண்டோஸ் 10 முடிந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டுமா?

2025 தீபாவளிக்கு ஆரணி போயிருந்தேன். வீட்டில் பையை இறக்கி வைப்பதற்குள் மாமாவிடம் இருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டரு ஏதோ இங்கிலீஷ்ல மிரட்டுது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போப்பா."

மாமா பட்டுப் புடவைக்கு டிசைன் போடுபவர். ஆரணி பட்டு என்றால் ஊர் அறியும். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆனால் பார்டரில் வரும் அன்னமும், முந்தானையில் வரும் மயிலும் தறியில் ஏறும் முன் ஒருவர் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். முன்பெல்லாம் கிராப் தாளில் பென்சிலால் வரைந்தார். 2009ல் இருந்து கம்ப்யூட்டரில்தான். அதிலிருந்துதான் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுகிறார்கள். ஆக, அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது அவருடைய பதினாறு வருட உழைப்பு.

போய்ப் பார்த்தேன். திரை முழுக்க ஒரு செய்தி. விண்டோஸ் 10 தொகுப்புக்கான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இயங்காது என்று சொல்லியது. மாமா ஏற்கெனவே கடையில் விசாரித்துவிட்டார். "புதுசு வாங்கணுமாம். நாப்பத்தஞ்சாயிரம் ஆகுமாம். இதை எக்ஸ்சேஞ்சுல ஆயிரத்தைநூறுக்கு எடுத்துக்கறாங்களாம்." தீபாவளி சமயத்தில் டிசைன் போடுபவர் கையில் நாற்பத்தைந்தாயிரம் சும்மா இருக்காது. வர வேண்டிய பணமே பட்டு முதலாளிகளிடம் நிற்கும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும், யாரோ பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர்களும் இதே கேள்வியோடு இருப்பீர்கள் என்பதால், அந்த இரண்டு நாளில் நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

உண்மையில் என்ன நடந்தது?

முதலில் பயம் வேண்டாம். அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10 நின்றுவிடவில்லை. வழக்கம்போல இயங்கும். ஆனால் அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸ் சென்று விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இதற்குப் பதிவு செய்திடலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து, உங்கள் செட்டிங்ஸ் விவரங்களை அவர்கள் சர்வருக்கு அனுப்ப ஒப்புக்கொண்டால் நம் நாட்டில் காசு வேண்டாம். அனுப்ப விருப்பம் இல்லை என்றால் 30 டாலர். நம் விவரங்களுக்கு என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை? அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017ல். மாமா வாங்கியது 2016ல். ஆறாம் தலைமுறை ஐ3. ஒரு வருடத்தில் தப்பிவிட்டது. டிசைன் வரைய அந்தப் பிராசசர் இன்றும் தாராளமாகப் போதும். கம்ப்யூட்டர் கெடவில்லை, பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பெயர் மட்டுமே தெரிந்த லினக்ஸ்

"லினக்ஸ் போட்டுப் பாக்கலாமா மாமா?" என்றேன். "அது ஆபீஸ்காரங்க சமாச்சாரம் இல்லையா?" என்றார்.

இல்லை. உங்கள் கையில் ஆண்ட்ராய்ட் போன் இருந்தால், அதன் அடியில் ஓடுவதே லினக்ஸ்தான். 1991ல் ஹெல்சிங்கியில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக எழுதத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். அதனால்தான் உபுண்டு, மின்ட், டெபியன் என்று பல பெயர்களில் கிடைக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2007ஆம் ஆண்டு வாக்கில், எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், அங்கே சூசே லினக்ஸைக் கொண்டு வந்து, அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸைச் சேர்த்தார். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து "பாஸ்" என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு இதேபோல ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்களில் பாஸ் லினக்ஸ் பயன்படுத்தச் சொன்னது தமிழக அரசு. அதாவது நாம் இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டோம்.

நான் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசின் விலையில்லா லேப்டாப்பிலும் ஆன் செய்தவுடன் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ். எங்கள் வகுப்பில் அந்த இரண்டாவது பெயரை முதல் வாரமே அழித்து, அந்த இடத்தில் படம் சேர்த்து வைத்தவர்கள்தான் அதிகம். நான் ஒருநாள் தவறி அதன் மேல் என்டர் தட்டிவிட்டேன். எதையாவது கெடுத்துவிட்டோம் என்று பயந்து மூடி வைத்தது இன்றும் நினைவிருக்கிறது. மறுநாள் மறுபடி திறந்தேன். இன்று அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லேப்டாப்போடு லினக்ஸைக் கொடுத்தார்களே தவிர, அதை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க எங்கள் பள்ளியில் யாரும் இல்லை. பொருளை மட்டும் கொடுத்தால் அது பரணில்தான் போய்ச் சேரும்.

பென் டிரைவில் இருந்தே பார்க்கலாம்

லினக்ஸைப் பார்க்க எதையும் அழிக்க வேண்டாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும் (அதில் இருப்பவை அழிந்துவிடும், காலியானதை எடுங்கள்). லினக்ஸ் மின்ட் தளத்தில் இருந்து சுமார் 3 ஜி.பி. அளவுள்ள பைலை டவுண்லோட் செய்து, ரூஃபஸ் என்ற சிறிய இலவச புரோகிராம் மூலம் பென் டிரைவில் பதிய வேண்டும். பின்னர் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எஃப்12 கீயைத் தட்டினால் (சில கம்பெனிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்) எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்களில் முழு லினக்ஸ் திரையில் வந்துவிடும். இன்டர்நெட், சவுண்ட், பிரிண்டர், வைஃபை எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா? ஷட்டவுன் செய்து பென் டிரைவை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

மாமா வீட்டில் இந்த இடத்தில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது.

பென் டிரைவில் இருந்து லினக்ஸ் வந்ததும், சும்மா காட்டுவதற்காக அவருடைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். டிசைன் போல்டர், அதற்குள் வருடவாரியாக எல்லா பைல்களும் வரிசையாக வந்தன. மாமா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"பாஸ்வேர்டு கேக்கலையே?"

"கேக்காது மாமா. அந்தப் பாஸ்வேர்டு விண்டோஸுக்குள்ள நுழையறதுக்குத்தான். டிஸ்க்குக்குப் பூட்டு இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த அன்னம் பார்டரு..." என்றார்.

குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. 2019ல் விண்டோஸ் மறுபடி போடுவதற்காக ஒரு கடையில் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வாங்கி வந்தார். அந்த ஆடி மாதம், இவர் இன்னும் யாருக்கும் கொடுக்காத அன்னம் பார்டர் வேறொருவர் தறியில் ஏறியிருந்தது. தற்செயல் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் மாமா தன் டிசைன்களில் ஏழாவது இலையைத் திருப்பிப் போட்டு வைப்பார், அடையாளத்துக்காக. அந்தப் புடவையிலும் ஏழாவது இலை திரும்பியே இருந்தது. கடையில் இருந்துதான் போனது என்று நிரூபிக்க வழி இல்லை. பென் டிரைவில் மாதிரி காட்டிய இடத்திலிருந்தும் போயிருக்கலாம். அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய நல்ல ஆர்டர் ஒன்று போனது மட்டும் நிச்சயம்.

ப்ரைவசி என்றவுடன் "நான் என்ன ரகசியமா வைத்திருக்கிறேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் அதற்குப் பதில் சொல்வது சுலபம். சொல்லப்போனால் கம்ப்யூட்டர் பைல் திருட்டுக்கு முன்னோடியே இந்த அட்டைதான். 1804ல் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய தறியில், அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு அட்டைகளைத் திட்டமிட்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் பயன்படுத்தியதும் ஓட்டை போட்ட அட்டைகள்தான். அட்டைக் கட்டு கிடைத்தால் புடவை கிடைத்த மாதிரி. இன்று அந்தக் கட்டு ஒரு பைலாகச் சுருங்கிவிட்டது. நகல் எடுக்க சில விநாடி போதும்.

என்ன செய்தோம்?

லினக்ஸ் போட்டால் மட்டும் திருட்டு நின்றுவிடாது. பூட்டுவது வேறு வேலை. எனவே இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டோம்.

பழைய 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டு, கூடுதலாக 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினோம். பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்ய உங்களிடம் பணம் ஒருமுறைக்குத்தான் இருக்கிறது என்றால், எஸ்.எஸ்.டி.-க்குச் செய்யுங்கள். பிராசசர் மந்தம் என்று நாம் திட்டுவதில் பாதி, சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் மந்தம்தான். அடுத்தது ராம். 4 ஜி.பி. இருந்ததை 8 ஆக்கினோம். வாங்கும் முன் உங்கள் மதர்போர்டில் டி.டி.ஆர்.3 இருக்கிறதா, டி.டி.ஆர்.4 இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. கேபினட்டைத் திறந்தபோது பேனில் பட்டு நூல் பிசிறும் தூசியும் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. தறிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதைச் சில மாதத்துக்கு ஒருமுறை தட்டிவிட வேண்டும். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான்.

லினக்ஸ் மின்ட் தொகுப்பை எஸ்.எஸ்.டி.-யில் இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்தேன். இதை அவசியம் பின்பற்றுங்கள். "டிஸ்க்கை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யவா?" என்று கேட்கும் இடத்தில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கல்யாண போட்டோ முழுவதையும் இழந்தவரை எனக்குத் தெரியும். கேபிளே இல்லை என்றால் தவறு செய்ய வழியே இல்லை. அதே இடத்தில் மேம்பட்ட வசதிகள் என்ற பட்டனை அழுத்தினால் முழு டிஸ்க்கையும் மறையாக்கம் செய்திடும் வழி உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்தோம். இனி டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் வெறும் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் பாஸ்வேர்ட் மறந்தால் உங்களுக்கும் குப்பைதான். கடைக்காரரோ, கம்பெனியோ, நானோ மீட்டுத் தர முடியாது.

இங்கே ஒரு சிக்கல். மாமா வைத்திருக்கும் ஜக்கார்டு டிசைன் சாப்ட்வேர் விண்டோஸில் மட்டுமே இயங்கும், அதற்கு யு.எஸ்.பி.-யில் செருகும் ஒரு டாங்கிளும் உண்டு. காசு கொடுத்து வாங்கியது. லினக்ஸ் ஆர்வலர்கள் சிலர் "அதெல்லாம் ஜிம்ப் போதும்" என்பார்கள். ஜிம்ப் நல்ல புரோகிராம், அவருடைய பி.எம்.பி. பைல்களை நிறம் மாறாமல் திறந்தது, சிறு திருத்தங்களுக்கும் உதவியது. ஆனால் வரைந்ததை நெசவுக்கு ஏற்றபடி மாற்றி அட்டைக்கு அனுப்பும் வேலையை அது செய்யாது. பிழைப்பு நடத்தும் சாப்ட்வேரை ஒருவரிடம் இருந்து பிடுங்கிவிட்டுக் கொள்கை பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே பழைய டிஸ்க்கில் விண்டோஸ் 10 இருக்கட்டும், அதற்கு இன்டர்நெட் மட்டும் கூடாது என்று முடிவு செய்தோம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டை முடக்கிவிட்டேன். டிசைன் வரைய விண்டோஸ். மெயில், வாட்ஸ்அப், பேங்க், யூ டியூப் எல்லாம் லினக்ஸ். டிசைன்களை வெராகிரிப்ட் என்ற இலவச புரோகிராமில் ஒரு பூட்டிய பெட்டி போல உருவாக்கி அதற்குள் போட்டோம். பெட்டி என்றாலும் பார்க்க ஒரே பைல்தான். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே பாஸ்வேர்டில் திறக்கும். இப்படி இரண்டையும் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸில் இருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாமல் போகலாம்.

பைல்களைப் பெட்டிக்குள் நகல் எடுத்த பின் வெளியே இருந்தவற்றை அழித்தோம். வெறும் டெலீட் போதாது. டெலீட் செய்தவற்றை மீட்டுத் தரும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே காலி இடத்தின் மேல் வேறு எதையாவது எழுதி நிரப்ப வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து சைஃபர் என்ற கட்டளை கொடுத்து இரவு முழுக்க ஓடவிட்டோம். பெட்டியின் நகல்கள் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில். ஒன்று வீட்டில், மற்றொன்று ஊருக்குள் வேறோர் உறவினர் வீட்டில். பாஸ்வேர்ட் எழுதிய சீட்டு எங்கே என்று சொல்ல மாட்டேன்.

யாருக்கு லினக்ஸ் வேண்டாம்?

டேலி போன்ற கணக்கு சாப்ட்வேரையே நம்பி இருப்பவர்கள், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் செருகி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். லினக்ஸில் முயலலாம், ஆனால் தாக்கலுக்குக் கடைசி நாளன்று முயல வேண்டாம். சில மலிவு யு.எஸ்.பி. வைஃபை கருவிகளும் பழைய லேசர் பிரிண்டர்களும் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். அதனால்தான் பென் டிரைவில் சோதிக்கச் சொன்னேன்.

தமிழுக்குக் குறை இல்லை. மின்ட் தொகுப்பில் இன்புட் மெத்தட் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துக் கொண்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பைல்கள் மட்டும் யூனிகோடுக்கு மாற்றினால்தான் படிக்க முடியும். விண்டோஸிலும் அதே கதைதான். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012ல் தொடங்கிய கணியம் இதழின் கட்டுரைகள் இணையத்தில் உள்ளன. நமக்கு அண்டை ஊரான காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழுவே இருக்கிறது. பட்டுக்கும் லினக்ஸுக்கும் என்ன பொருத்தமோ!

புதிதாகவே வாங்குவதென்றால்

வாங்கத்தான் வேண்டும் என்றால் 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். விலை குறைவு என்பதற்காக ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லாத மாடலை வாங்கினால், கடைக்காரர் "விண்டோஸ் நானே போட்டுத் தர்றேன்" என்பார். அது பெரும்பாலும் கிராக் செய்தது. உள்ளே வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. அதற்குப் பதில் அந்த மாடலில் லினக்ஸ் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். அவசியம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டு கொடுங்கள். மாமாவுக்குத் தருவதாகச் சொன்ன ஆயிரத்தைநூறில் பதினாறு வருட டிசைனும் சேர்ந்துதான் போயிருக்கும்.

இன்னொன்று, லினக்ஸுக்கு சம்பந்தமில்லாதது. ஜெராக்ஸ் கடைக்கு ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். பிரிண்ட் நம் கையில். பைல் அவர் டவுண்லோட்ஸ் போல்டரில். ஆதார் தளத்தில் மாஸ்க்டு ஆதார் என்று முதல் எட்டு எண்கள் மறைத்த நகல் கிடைக்கிறது. ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு ஜெராக்ஸ் கடைக்குள் வந்து பைலை அழிக்காது. அழித்துவிடுங்கள் அண்ணே என்று நாம்தான் கேட்க வேண்டும்.

பொங்கலுக்கு மாமாவிடம் இருந்து மறுபடி போன். லினக்ஸ் போட்டதில் இருந்து பிரிண்டர் கோடு கோடாக அடிக்கிறதாம். கால் மணி நேரம் டிரைவர், செட்டிங்ஸ் எல்லாம் தேடச் சொன்னேன். கடைசியில் மாமி பக்கத்தில் இருந்து குரல் கொடுத்தார்: "இங்க் தீர்ந்து ஒரு வாரம் ஆச்சுன்னு சொல்லுங்க அவன்கிட்ட."